ஸ்டனி அண்ணனுக்கு ரெஸ்ட்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு காலைப் பூசை. நான் சைவக்காரி. என்னோடு படிப்பிக்கும் மேரி டீச்சரின் தாயாருக்கு ஆண்டுப் பூசை என்பதால் போயிருந்தேன். மேலே விசிறிகள் சுற்றினவே தவிர கீழே காற்று வரவில்லை. முன் வாங்குப் பலகையில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்று, மிச்சத்தை என் சேலைத் தலைப்பில் துடைத்தது.

மன்றாட்டு நேரம் வந்தது. ஒரு பெண் மைக் முன்னால் வந்து நோயாளிகளின் பெயர்களை வாசித்தாள். மூன்றாவது பெயரைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"நோயுற்று வீட்டில் ஓய்வில் இருக்கும் எங்கள் சகோதரர் ஸ்டனிஸ்லாஸ் விரைவில் பூரண சுகம் பெற வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் முழுவதும் சேர்ந்து, மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. நான் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

ஸ்டனி அண்ணனுக்கு ஒரு நோயும் இல்லை. காய்ச்சல் இல்லை, சீனி இல்லை, பிரஷர் என்னுடையதைவிடக் குறைவு. அந்த மனிதரை நோயாளியாக்கியது நான்தான். மூன்று கிழமைக்கு முன்னர் அவருடைய வீட்டில் அமர்ந்து, அவர் மனைவி தந்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன ஒரேயொரு சொல்.

அந்தச் சொல்லைச் சொல்ல என்னை அனுப்பியவர்கள் இரண்டு ஆண்பிள்ளைகள். அவர்கள் மேல் வந்த கோபம் இதை எழுதும்போதும் தணிந்தபாடில்லை.

பதின்மூன்றும் ஆறும்

எங்கள் மியூசிக் பாண்டின் பெயர் 'தேர்ட்டீன் சிக்ஸ்'. கேட்பவர்கள் எல்லாம் ஏதோ பஸ் நம்பர் என்று நினைப்பார்கள். கொழும்பு பதின்மூன்று கொட்டாஞ்சேனை, கொழும்பு ஆறு வெள்ளவத்தை. அங்கேயிருந்து இரண்டு பேர், இங்கேயிருந்து இரண்டு பேர். அவ்வளவுதான் அந்தப் பெயரின் ரகசியம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் கீபோர்ட் வாசிக்கும் ஸ்டனி அண்ணன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டியவர். அவரோடு கிற்றார் வாசிக்கும் றொஷான். ஸ்டனி அண்ணன்தான் றொஷானின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தியவர், பிறகு கிற்றாரைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். வெள்ளவத்தைப் பக்கம், வங்கியில் வேலை செய்துகொண்டு ட்ரம்ஸ் அடிக்கும் கஜன், பிறகு நான். என் பெயர் சுகந்தி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மேடையில் பாட்டுக்காரி.

கலியாணம், திருவிழா, பள்ளிக்கூட ஒன்றுகூடல் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். ஒரு கிழமை வத்தளையில் மாதா பாட்டு, மறு கிழமை பம்பலப்பிட்டியில் முருகன் பாட்டு. இரண்டையும் நானே பாடினேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, றொஷானின் வீட்டு மேல்மாடியில் பிராக்டிஸ். தகரக் கூரை. வெயில் நாளில் வேர்த்துக் கொட்டும், மழை நாளில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காது. அப்படி இருந்தும் காலி வீதியில் ஒரு பஸ், கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் என்று ஏறி நான் போனேன். பதினொரு வருடம் போனேன். பாடுவதென்றால் எனக்கு அவ்வளவு ஆசை.

பெருமானின் குணம்

ஸ்டனி அண்ணன் கெட்டிக்காரர். அதை மறைத்து எழுதினால் நான் பொய்க்காரி. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், இடையிசையோடு அப்படியே வாசிப்பார். ஆனால் அந்தக் கெட்டித்தனத்துக்கு நாங்கள் எல்லோரும் ஆயுள் முழுக்க நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தார்.

மேடையில் யாராவது பிழைவிட்டால், வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர்களைத் திரும்பிப் பார்ப்பார். பாட்டு அந்தரத்தில் நிற்கும். சபையில் உள்ளவர்களும் அவர் பார்க்கும் திசையில் பார்ப்பார்கள். கஜனுக்குக் கல்கிசையில் ஒரு கலியாண வீட்டில் அப்படி நடந்தபோது, அவன் வருங்கால மாமனார் முன்வரிசையில் இருந்தார். ஹோல் மனேஜர்மாரோடு மூன்று பாஷையிலும் சண்டை பிடிப்பார். சிங்களத்தில் தொடங்கி, ஆங்கிலத்தில் ஏறி, தமிழில் முடிப்பார். தமிழில் வரும் பகுதியை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

என்னுடைய பேச்சு அவருக்குப் பகிடி. நான் "வாங்கோ, இருங்கோ" என்று சொன்னால், "யாழ்ப்பாண ரேடியோ தொடங்கிட்டுது" என்பார். நான் சிரித்துவிட்டுப் போவேன். வயதில் மூத்தவர், பாட்டுக்கு ஆள் வேண்டும், வேறென்ன செய்வது.

ஒரே ஒரு நாள் நான் வாயைத் திறந்தேன். பிராக்டிஸில் ஒரு பாட்டின் இடையிசையை அவர் மாற்றி வாசித்தார். அண்ணன், இது இரண்டாவது சரணத்துக்கு வாறது, முதலாவதுக்கு இல்லை என்றேன். சொன்னது சரி. அவருக்கும் சரியென்று தெரியும். அதனால்தான் அவர் முகம் கறுத்துப் போனது. 

போன குரல்

அதற்குப் பிறகு சில மாதங்களில் என் குரல் போகத் தொடங்கியது.

எல்லாப் பாட்டிலும் இல்லை. கூட்டாகப் பாடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. நான் தனியாகப் பாடும் பாட்டுகளில், மேலே போகும் இடத்தில் தொண்டை இறுகும், குரல் பிசிறும். பதினைந்து வருடமாகப் படுத்துக்கொண்டே பாடக்கூடிய பாட்டில், குதிக்காலை உயர்த்தி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. சில நாளில் எட்டவே எட்டாது. கீழே இருப்பவர்கள் குனிந்து பிரியாணியைப் பார்ப்பார்கள்.

ஸ்டனி அண்ணன் இறங்கி வந்து மிகவும் அன்பாகச் சொன்னார். "வயசு போகுதுதானே சுகந்தி. குரலுக்கும் வயசு போகும். பொம்பிளைக் குரல் நாப்பத்தஞ்சுக்குப் பிறகு அப்பிடித்தான்."

இரண்டு வருடம் நான் நம்பினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றி எரிகிறது. நம்பிக்கொண்டு, ஐஸ் தண்ணீரை விட்டேன், தயிரை விட்டேன். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கொத்தமல்லி அவித்துக் குடித்துக் குடித்து, வகுப்பில் பிள்ளைகளுக்கு என்னைக் கண்டால் நோயாளி மணம் வரத் தொடங்கியது. தொண்டை டொக்டரிடம் போனேன். அவர் மூக்கு வழியாகக் கமெரா விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். டீச்சரா, அப்படியென்றால் கத்திக் கத்தித்தான் என்று அவரே ஒரு காரணத்தையும் சொன்னார். அதற்குப் பிறகு வகுப்பில் பின்வாங்குப் பொடியன்களை அதட்டுவதைக்கூட விட்டேன். அவர்களுக்கு அது பொற்காலம்.

ஒன்றுதான் விளங்கவில்லை. வீட்டில் சமைக்கும்போது அதே பாட்டைப் பாடினால் வந்தது. வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து, உன்ர குரலுக்கு என்ன குறை என்று கேட்பார். அவருக்கு இசை ஞானம் இல்லை என்று நினைத்து விட்டுவிடுவேன்.

அந்த நாட்களில்தான் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. வெள்ளவத்தையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மண்டபம். சின்ன வயதில் என் மடியில் கிடந்து பாட்டுக் கேட்டுத் தூங்கிய பிள்ளை. பெரியம்மா, நீங்கள் ஒரு பாட்டுப் பாட வேணும், பரிசு ஒன்றும் வேண்டாம், அந்தப் பாட்டு மட்டும் போதும் என்று கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். சபையில் குரல் உடைந்தால் அவளுடைய நாளைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தேன். இரண்டு தடவை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கலியாணம் திரும்பி வராது. எனக்கு நடந்ததில் நான் மன்னிக்காத பகுதி இதுதான்.

சின்னத் திரையில் ஓர் எண்

கல்கிசையில் ஒரு பகல் கலியாணம். சாப்பாட்டு நேரம். ஸ்டனி அண்ணனும் றொஷானும் தட்டோடு வரிசையில் நிற்க, நானும் கஜனும் மேடையில் இருந்தோம். எனக்குச் சாப்பிட மனமில்லை. சற்று முன்னர்தான் குரல் உடைந்திருந்தது.

என் தண்ணீர்ப் போத்தல் கீபோர்ட்டின் பக்கத்தில் இருந்தது. எடுக்கப் போனபோது அதன் சின்னத் திரையைப் பார்த்தேன். என் பாட்டின் பெயர், அதன் கீழே கூட்டல் அடையாளத்தோடு ஓர் இரண்டு. கணக்கு டீச்சருக்குக் கூட்டல் அடையாளம் கண்ணில் படாமல் போகுமா? கஜனைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டேன்.

அவன் எட்டிப் பார்த்தான்.  ஸ்கேல் ரெண்டு கூட்டியிருக்கு அக்கா என்றான்.

கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், வாசிக்கிறவரின் விரல் பழைய இடத்திலேயே இருக்க, சத்தம் மட்டும் மேலே ஏறும். வாசிக்கிறவருக்குச் சிரமம் இல்லை. பாடுகிறவர்தான் ஏறிப் பிடிக்க வேண்டும். இரண்டு ஏற்றினால், எட்டக்கூடியது எட்டாமல் போகும்.

ஒவ்வொரு பாட்டையும் ஸ்டனி அண்ணன் ஒரு நம்பர் போட்டு அதில் சேமித்து வைத்திருந்தார். கஜன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். ஸ்டனி அண்ணன் பாடும் பாட்டுகள் எல்லாம் பூச்சியம். கூட்டுப் பாட்டுகள் பூச்சியம். நான் தனியாகப் பாடும் ஐந்து பாட்டுகளிலும் கூட்டல் இரண்டு.

கஜன் அதைப் பூச்சியத்துக்கு இறக்கி மெல்லச் சத்தம் கொடுத்தான். நான் வாய்க்குள் பாடிப் பார்த்தேன். உடைந்த இடம் சும்மா வழுக்கிக்கொண்டு போனது.

ஒரு நாள் கோபத்தில் அழுத்தியிருந்தால் சரி, மனிதர்தானே என்று விட்டிருப்பேன். இது பாட்டுப் பாட்டாகத் திறந்து, ஏற்றி, சேமித்து வைத்த வேலை. ஏற்றி வைத்துவிட்டு, இறங்கி வந்து, உனக்கு வயது போகுது என்று ஆறுதல் சொன்ன வேலை. அப்படி ஒரு ஆறுதலை என் எதிரிக்கும் யாரும் சொல்ல வேண்டாம்.

வடைக் கடையில் மூன்று பேர்

அந்தக் கிழமையே வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் நாங்கள் மூன்று பேரும் கூடினோம். கஜன் முழுவதையும் சொன்னான். றொஷான் வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். அங்கிள் தெரியாமல் அழுத்தியிருப்பார் என்றான். ஐந்து பாட்டிலுமா என்று கேட்டேன். அவன் இன்னொரு வடையை எடுத்தான்.

ஆளைப் பாண்டை விட்டு அனுப்ப வேண்டும் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம். கஜனுக்கு மாமனார் கணக்கு, எனக்குக் குரல் கணக்கு. றொஷானுக்கும் திட்டு வாங்கி அலுத்துப் போயிருந்தது. ஆனால் யார் சொல்வது?

றொஷான், அவர் என் ஞானத்தகப்பன், நான் எப்படி என்றான். கஜன், எனக்கு ஆக்களோடு கதைக்க வராது என்றான். வங்கியில் நாள் முழுக்க ஆட்களோடு கதைப்பதுதான் அவன் வேலை. பிறகு இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க டீச்சர்தானே அக்கா" என்றான் றொஷான். "பக்குவமாச் சொல்லுவீங்க. பொம்பிளை ஆள் சொன்னா அங்கிளும் கத்த மாட்டார்."

அடி வாங்கியவளே போய் அடித்தவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். நியாயத்தைப் பாருங்கள்.

அடுத்தது, என்ன சொல்லிச் சொல்வது. இங்கேதான் எங்கள் ஊரின் வியாதி வெளியே வந்தது. கொழும்பில் நாங்கள் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. வீடு வாடகைக்குத் தர விருப்பமில்லையா, "பாப்பம்" என்போம். சிங்களத்தில் கேட்டால் "பலமு" என்போம், அதுவும் பாப்பம்தான். மாப்பிள்ளை பிடிக்காவிட்டால் சாதகம் பொருந்தவில்லை என்போம். எந்தச் சாத்திரியும் பார்த்திருக்க மாட்டார். கேட்டவருக்கும் விளங்கிவிடும், ஒருவரும் மனம் நோக மாட்டார்கள். அப்படித்தான் இத்தனை சாதிச் சனமும் ஒரே மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

"விலகுங்கோ" என்று சொல்லலாமா? கூடாது, கட்சி மாதிரி இருக்கு என்றான் கஜன். "நிப்பாட்டுறம்" என்றால் வேலைக்காரரை நிறுத்துவது போல் இருக்கும். கடைசியில் றொஷான்தான் கண்டுபிடித்தான். "ரெஸ்ட் எடுங்க எண்டு சொல்லுவம் அக்கா. அங்கிளுக்கு விளங்கும்."

இன்னொன்றும் சொன்னான். ட்ரான்ஸ்போஸ் கதையை எடுக்க வேண்டாம், எடுத்தால் பெரிய சண்டை வரும், பழைய குப்பை எல்லாம் கிளறுப்படும் என்றான். நான் அதற்கும் தலையாட்டினேன். என் தலையை நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

சொன்னேன்

சனிக்கிழமை காலை ஸ்டனி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூட வருகிறேன் என்ற றொஷான் சந்தியில் நின்றுவிட்டான். பைக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அந்த ஒழுங்கையில் யாரும் ஒரு சைக்கிளைக்கூடக் களவெடுத்ததில்லை.

ஸ்டனி அண்ணனின் மனைவி ரீட்டா அக்கா தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்தார். ஸ்டனி அண்ணன் பாண்டில் ஒழுக்கம் இல்லை என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணன், நாங்கள் மூண்டு பேரும் கதைச்சனாங்கள். நீங்கள் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. என்னில் உங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று கேட்டார். இப்போதெல்லாம் படி ஏறினால் முழங்கால் நோகிறது, யாருக்கும் சொல்லவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். ரீட்டா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நான் சொல்லிச் சொல்லிக் கேக்காத மனுசன். உங்களுக்குப் புண்ணியம் சுகந்தி. இன்னொரு துண்டு கேக் எடுங்க."

நான் இன்னொரு துண்டு கேக் எடுத்தேன். இல்லை அண்ணன், அப்படி இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேக் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சந்தியில் றொஷான் கேட்டான், சொல்லிட்டீங்களா என்று. சொல்லிவிட்டேன் என்றேன். கஷ்டப்பட்டாரா என்றான். சந்தோசப்பட்டார் என்றேன். நல்லதுதானே என்றான்.

தோடம்பழம்

இனிப் பூசைக்குத் திரும்புகிறேன். எங்கள் ஊரில் ரெஸ்ட் என்ற சொல்லை யாருக்குச் சொல்வோம்? ஆசுப்பத்திரியால் வந்தவருக்குத்தான். ஸ்டனி அண்ணன் ரெஸ்டில் இருக்கிறார் என்று ரீட்டா அக்கா பக்கத்து வீட்டில் சொல்ல, அது ஒழுங்கை தாண்டி, கொச்சிக்கடை வரைக்கும் போய், இதயத்தில் ஏதோ என்று திரும்பி வந்தது. அப்படியே கோயில் பட்டியலிலும் ஏறிவிட்டது.

பூசை முடிய வாசலில் ரீட்டா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தோடம்பழமும் அப்பிளும் வந்து குவிகிறதாம். அண்ணன் எழும்பவே இல்லையாம். நன்றாகச் சாப்பிடுகிறாராம். வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நான் றொஷானுக்குப் போன் எடுத்து, இதை இப்போதே திருத்த வேண்டும் என்று சத்தம் போட்டேன். விடுங்க அக்கா, அதுவாச் சரியாகிடும் என்றான். அவனுடைய வாழ்க்கையில் எல்லாம் அதுவாகத்தான் சரியாகும்.

இடையில் வத்தளையில் ஒரு நிகழ்ச்சி வந்தது. கீபோர்ட் இல்லாமல் கிற்றாரும் ட்ரம்ஸும் மட்டும் வைத்துப் பாடினேன். என் ஐந்து பாட்டும் பாடினேன். ஒன்றிலும் குரல் உடையவில்லை. மூன்றாவது பாட்டில் மேலே போகும் இடத்தில், தேவைக்கு மேலாகவே இழுத்து நின்றேன். என் குரல் எங்கேயும் போயிருக்கவில்லை. இரண்டு வருடமும் அது என்னிடமே இருந்தது. மேடையை விட்டு இறங்கிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன், சந்தோசத்தில் பாதி, கோபத்தில் பாதி.

ஆறாவது ஞாயிறு

நான் ரெஸ்ட் சொல்லி ஆறாவது ஞாயிறு மூன்று மணிக்கு, றொஷான் வீட்டு வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. ஸ்டனி அண்ணன், மடியில் கீபோர்ட். தோடம்பழம் அவருக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருந்தது, கன்னம் பளபளத்தது. ரெஸ்ட் எடுத்து முடிந்துவிட்டது என்று கீழேயிருந்து கத்தினார்.

என் பாண்ட்காரர் இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடிப்போய்க் கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்ப உடம்பு எப்படி அங்கிள் என்று றொஷான் விசாரித்தான். எனக்கு உச்சியில் ஏறியது.

ஸ்டனி அண்ணன் வயர் மாட்டி, கதிரையை இழுத்துப் போட்டு, முதலில் சுகந்தியின் பாட்டு என்று ஒரு நம்பரைச் சொன்னார். நான் எழும்பிப் போய் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தேன். கூட்டல் இரண்டு.

"இதை எதுக்கு ஏத்தி வச்சிருக்கிறீங்கள் அண்ணன்?"

அவர் பதறவில்லை. மேலே இருந்தால்தான் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், உங்கள் குரல் கீழே நின்றால் மந்தமாக இருக்கிறது என்றார்.

"ரெண்டு வருசமா எனக்குக் குரல் போயிட்டுதெண்டு சொன்னது நீங்கள்தானே?"

"எட்டலைதானே" என்றார். "எட்டலையெண்டா போயிட்டுதுதானே."

பக்குவம் எல்லாம் அத்தோடு பறந்துபோனது. வகுப்பில் இரண்டு வருடம் அடக்கி வைத்த சத்தம் முழுவதும் ஒரேயடியாக வந்தது.

"நீங்கள் இனி எங்களோட வாசிக்க வேண்டாம். ரெஸ்ட் இல்லை. முடிஞ்சுது. அடுத்த கிழமையும் வரவேண்டாம், அதுக்கு அடுத்த கிழமையும் வரவேண்டாம்."

 ஸ்டனி அண்ணன் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"அப்ப அண்டைக்குச் சொன்ன ரெஸ்ட்?"

"அது பயத்தில சொன்னது. அது என்ர பிழை, அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சுற்றி, பையில் வைத்தார். இந்தமுறை தூக்க ஒருவரும் எழும்பவில்லை. படியருகே போய்த் திரும்பி நின்றார்.

"கணக்கு டீச்சர்தானே நீங்க" என்றார். "நான் ரெண்டு கூட்டினா, கிற்றார் எப்பிடிச் சேந்து வந்துச்சு? அதையும் ஒருக்காக் கேளுங்க."

முழங்கால் நோவோடு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

கழுத்தில் மாட்டுவது

கிற்றாரில் அப்படிப் பொத்தான் கிடையாது. ஸ்கேலை ஏற்ற வேண்டுமென்றால் கேப்போ என்று ஒரு சின்னக் கவ்வியைக் கிற்றாரின் கழுத்தில் மாட்ட வேண்டும். இரண்டு ஏற்ற வேண்டுமென்றால் இரண்டாவது கட்டத்தில் மாட்ட வேண்டும். கையால் எடுத்து, இடம் பார்த்து மாட்ட வேண்டும். தெரியாமல் மாட்ட முடியாது.

நான் றொஷானைத் திரும்பிப் பார்த்தேன். கிற்றார் அவன் மடியில் இருந்தது. ஸ்டனி அண்ணன் என் பாட்டின் நம்பரைச் சொன்னபோதே அவன் கை தானாகப் போயிருக்கிறது. கேப்போ இரண்டாவது கட்டத்தில் கவ்விக்கொண்டு இருந்தது. ஸ்டனி அண்ணன் வராத வத்தளையில் அவன் அதை மாட்டவே இல்லை.

இரண்டு வருடம், ஐந்து பாட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும். என் இடது கைப் பக்கத்தில் நின்று மாட்டியிருக்கிறான், பாட்டு முடியக் கழற்றியிருக்கிறான். குரல் உடைந்து நான் இறங்கி வந்தபோது சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தவனும் அவன்தான். ஒரு முறை கற்கண்டும் வாங்கித் தந்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அங்கிள் போடச் சொன்னார், போட்டேன் என்றான். இரண்டு வருடம் நான் கொத்தமல்லி குடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாயே என்றேன். அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"நீங்க கேக்கலையே அக்கா."

கஜன் ட்ரம்ஸ் தடியை உருட்டிக்கொண்டு, தனக்கு ஸ்கேல் விளங்காது என்றான். அதை நான் நம்புகிறேன், முக்கால்வாசி.

நல்ல பிள்ளை

ஸ்டனி அண்ணன் அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் எதிரே வந்தால் மற்றப் பக்கம் கடக்கிறார். அவர் செய்தது அநியாயம். ஆனால் கேட்டபோது முகத்துக்கு நேரே, ஓம், நான்தான் என்று நின்றார். அவரோடு சண்டை பிடிக்க ஒரு முகம் இருந்தது.

றொஷானோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எல்லோரும் அவனை நல்ல பிள்ளை என்கிறார்கள். கேட்டால் செய்வான், மறுத்துப் பேசமாட்டான். அவனை அனுப்புவதற்கு யாரும் வடைக் கடையில் கூட்டம் வைக்கவில்லை. கூட்டம் வை என்று நானும் சொல்லவில்லை. கிற்றாருக்கு வேறு ஆள் இல்லை, எனக்குப் பாடாமல் இருக்க முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காரணம் அவ்வளவுதான்.

இப்போதும் என் இடது கைப் பக்கத்தில்தான் நிற்கிறான். பாடத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் நான் அவனுடைய கிற்றாரின் கழுத்தைப் பார்க்கிறேன். அதில் ஒன்றும் மாட்டவில்லை என்று கண்டபிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். மண்டபம் நிறைய ஆட்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இருந்தாயிற்று, என் பாட்டுத்தான் முதலாவது. வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். றொஷான் குனிந்து, "ஏன் அக்கா எந்த நாளும் கிற்றாரையே பாக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான்.

"பாக்காட்டி நீ சொல்லமாட்டாய்" என்றேன்.

மைக் ஓனில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கேட்கட்டும்.